மெதுவாகப் போகத் தெரியாத கார்

புந்தோங், ஈப்போ
புரட்டாசி, வியாழக்கிழமை

அன்புள்ள தம்பி தர்மேந்திரனுக்கு, அக்கா சரளா எழுதிக்கொள்வது.

நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். முதல் சொல்லிலேயே பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று விட்டுவிட்டேன். நீயாவது நலமாக இரு. பெர்த்தில் இந்நேரம் குளிர் குறைந்திருக்கும். இங்கே தினமும் சாயங்காலம் மழை, துணி காய மாட்டேன் என்கிறது.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். எனக்கு வேறு வழியில்லை. போனில் பேசினால், நம் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அப்பா காதில் விழும். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரலை அனுப்பிவிடுவாய். பத்து காஜா ஊரிலுள்ள டயாலிசிஸ் நிலையத்தில், வெளியே போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா இரண்டு போர்வைக்குள் படுத்திருக்கிறார். முடிய இன்னும் நேரம் இருக்கிறது.

நீ கேட்டது கார் விஷயம். அதற்குப் பதில் சொல்கிறேன். ஆனால் ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா இனிமேல் இங்கே வர மாட்டேன் என்கிறார். போன செவ்வாய்க்கிழமை வரவே இல்லை. இன்றைக்கு எப்படி வந்தார் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். கார் பகுதியைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதே.

இங்கே எனக்கு விட்டுப்போன உன் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு வேறு எடுக்கலாம் என்று இருக்கிறாய். ஆட்டோ கியரில் மறுபடி டூவல் கிளட்சா, டார்க் கன்வெர்ட்டரா என்று என்னைக் கேட்கிறாய். சுரங்கத்தில் வீடு உயர லாரியைப் பிரித்து மாட்டுகிறவனுக்கு நான் என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறேன்? உனக்குத் தெரியாதது ஒன்றுதான். பட்டறை கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் நான். கியர்பாக்ஸ் நன்றாக இருப்பவன் யாரும் என்னைத் தேடி வருவதில்லை. அழுகிறவன்தான் வருவான். அந்த அழுகையை வைத்துத்தான் சொல்கிறேன்.

வேகம் மட்டும் வேண்டுமென்றால் டூவல் கிளட்ச்தான், அதில் எனக்குச் சண்டையில்லை. ஒரு கிளட்ச் மூன்றாம் கியரைப் பிடித்திருக்கும்போதே இன்னொன்று நான்காவதைத் தயாராக வைத்துக் காத்திருக்கிறது. மாறுவது தெரிவதே இல்லை. போன மாதம் அப்பாவின் உதவித்தொகை விஷயமாகத் தைப்பிங் ஆபீசுக்குப் போய்விட்டு உன் வண்டியில் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். மெனோரா சுரங்கப்பாதைக்கு முன்னால் அந்த வளைவுகள் வருமே, அங்கே மழை விட்டு ரோடு காய்ந்திருந்தது. என்ன தோன்றியதோ, வேகமாக ஓட்டுவதற்கான ஸ்போர்ட்டில் போட்டேன். அது மாறிய மாற்றத்துக்கு நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தனியாகக் காருக்குள் பைத்தியம்போல. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரித்தது அதுதான். அதனால் உன் வண்டியைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே.

ஆனால் அது மெதுவாகப் போகாது, தர்மா. உன்னுடையது எண்ணெயில் நனையாத உலர்ந்த கிளட்ச். ஜாமில் ஊர்ந்தால் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் தேயும், சூடேறும். மேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்தபடி நிறுத்திப் பிடித்தால் இன்னும் மோசம். நீ இப்போது பார்க்கும் புது மாடலில் கிளட்ச் எண்ணெயில் நனைந்திருக்கும், கொஞ்சம் தாங்கும், ஆனால் குணம் ஒன்றுதான். கன்வெர்ட்டரில் இஞ்சினையும் கியரையும் நேராகச் சேர்த்துப் பிடிப்பதில்லை. நடுவில் எண்ணெய் சுழல்கிறது, இந்தப் பக்கத்து வேகம் எண்ணெய் வழியாக அந்தப் பக்கம் போகிறது. நாள் முழுக்க ஊர்ந்தாலும் சூட்டை எண்ணெய் வாங்கிக்கொண்டு போய்க் கூலரில் விட்டுவிடும். வேகமெடுத்த பிறகு அதுவே பூட்டிக்கொண்டு நேராக இழுக்கும். கன்வெர்ட்டர் என்றால் கிழவர்கள் ஓட்டுவது என்று நீ சொன்னது பழைய கதை. எங்கள் பட்டறையில் கியர்பாக்ஸ் பார்க்கும் டொமினிக் அண்ணன், இப்போதைய எட்டு கியர் கன்வெர்ட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால் எது எது என்று தன்னாலேயே சொல்ல முடியாது என்கிறார். கண்ணை மூடிக்கொண்டு ஓட்ட வேண்டாம் அண்ணே என்று சொன்னேன். பந்தயத்துக்கென்றே வண்டி செய்கிறவர்களில் சிலர்கூட டூவல் கிளட்சை விட்டு இதற்குத் திரும்பியிருக்கிறார்கள். கையில் ஒரு துடிப்பு குறையும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் தினமும் வாடிக்கையாளர்களிடம் சொல்கிறவள் நான். மேட்டில் ஊராதீர்கள் ஐயா, பிரேக்கை முழுசாக மிதித்து நில்லுங்கள், முன்வண்டி நகர்ந்து இடம் விட்டதும் ஒரேயடியாகப் போங்கள் என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்வேன். அப்படிப்பட்டவள் பெரியப்பா சாவில் என்ன செய்தேன் என்று கேள்.

பெரியப்பா இராமசாமி தவறியதைத்தான் உனக்குப் போனில் சொன்னேன். அன்றைக்கு நடந்ததைச் சொல்லவில்லை. செமோர் பக்கத்தில் பழைய தோட்டத்து வீட்டில்தானே கடைசிவரை இருந்தார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தும், இடுகாடு அதே மேட்டில்தான் இருக்கிறது. முன்னால் மேளம், அதன் பின்னால் பிணவண்டி, பின்னால் நடந்து வருகிற சனம். ஒரு காலை எடுத்ததிலிருந்து அப்பாவால் நடக்க முடியாது என்பதால் உன் காரில் உட்கார வைத்து, பிணவண்டிக்கு நேர் பின்னால் நான் ஓட்டினேன். கூடப்பிறந்த தம்பி ஆயிற்றே, அவர்தான் முதலில் போக வேண்டும் என்று பெரியம்மா நல்லம்மாள் சொல்லிவிட்டார்.

மேளக்காரர்கள் பத்தடிக்கு ஒரு தடவை நின்று ஆடினார்கள். நான் பிரேக்கை மிதித்து நின்று இடம் விட்டால், பின்னாலிருந்து ஒருவர் கண்ணாடியைத் தட்டுகிறார். பெட்டிக்கும் சொந்தத்துக்கும் நடுவில் இடைவெளி விடக்கூடாது, ஒட்டியே போம்மா என்கிறார். இரண்டு தடவை தட்டினார்கள். மூன்றாவது தடவை, பிணவண்டியில் உட்கார்ந்திருந்த பெரியம்மாவே திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் கியர்பாக்ஸ் பாடம் எடுக்க முடியுமா? நானும் ஒட்டிக்கொண்டே ஊர்ந்தேன். மேட்டில், ஆக்சிலேட்டரில் பிடித்தபடி, ஒவ்வொரு அங்குலமாக.

முதலில் மோப்பம் பிடித்தது அப்பாதான். கிளட்ச் கருகுது சரளா என்றார். தோட்டத்தில் ரப்பர் பால் லாரி ஓட்டிய மனுஷன், அந்த நாற்றம் மறக்குமா? இந்தக் காரில் கிளட்ச் பெடலே இல்லைப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கியர் காட்டும் எழுத்து விட்டு விட்டு மின்னியது, வண்டி தானாகப் பிடியை விட்டுவிட்டது. மேட்டு நடுவில் நின்றுவிட்டோம். சக்கரத்துக்கு யாரோ கல் வைத்தார்கள். அண்ணனுக்குத் தம்பியை விட்டுப் போக மனசில்லை என்று ஒரு அம்மா அழுதார். டயரில் எலுமிச்சம்பழம் வைத்துப் பார்த்தார்கள். சூடு ஆறினால்தான் போகும் என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

நாலு பேர் சேர்ந்து அப்பாவைத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார்கள். அப்பா கையை நீட்டித் தடுத்துவிட்டார். இன்னைக்கு ஒரு ஆளைத்தான் தூக்கணும், நீங்க போங்கலா என்றார். எல்லோரும் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மேளச் சத்தம் மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிப்போகும்வரை அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். கார் மறுபடி நகர்ந்தபோது சனம் திரும்பி வந்துகொண்டிருந்தது. கூடப்பிறந்தவருக்கு ஒரு கை மண் போடவில்லை, தர்மா. அவர் அழவும் இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஒன்று சொன்னார். என் நேரத்துக்கு மெதுவாப் போற காடியாப் பாரு சரளா என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தன் சாவு ஊர்வலத்துக்குக் கார் பார்க்கச் சொல்கிறார், தர்மா.

அதற்குப் பிறகுதான் இங்கே வருவது போதும் என்று ஆரம்பித்தார். அடம் பிடிக்கவில்லை, கோபப்படவில்லை. போதும்லா என்கிறார், அவ்வளவுதான். நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டரிடம் கேட்டேன். நாள் கணக்கு சொல்ல மாட்டேன், ஆனால் நீளாது என்றார். செவ்வாய்க்கிழமை காலையில் அவர் சட்டையைப் போட மறுத்து உட்கார்ந்திருந்தபோது, உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், ஒரு நிமிடம் எனக்கு நிம்மதியாக இருந்தது. இன்று அரைநாள் லீவு கேட்டுப் பட்டறை முதலாளி தவுக்கே முகத்தைப் பார்க்க வேண்டாம், சக்கர நாற்காலியை மடித்துத் தூக்க வேண்டாம் என்று. அந்த நிம்மதியை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது. அவ்வளவு அலுத்துப்போயிருக்கிறேன்.

இன்றைக்கு எப்படி வந்தார் என்றால், தீபாவளிக்குத் தர்மா வருகிறான் என்று சொன்னேன். எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். இவ்வளவுதான் நடந்தது. நீ எனக்கு அப்படி எதுவும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் அவரிடம் சொன்னதைப் பொய்யாக்கிவிடாதே.

உன் கேள்விக்குப் பதில் கன்வெர்ட்டர். பெரியப்பா சாவுக்கு நீ வராததற்கு லீவு கிடைக்கவில்லை என்று பெரியப்பா மகனிடம் சொல்லியிருக்கிறேன், கேட்டால் நீயும் அதையே சொல். உடம்பைப் பார்த்துக்கொள், வெயிலில் தொப்பியில்லாமல் நிற்காதே.

உன் அக்கா,
சரளா


புந்தோங், ஈப்போ
ஐப்பசி, சனிக்கிழமை

தம்பி தர்மாவுக்கு,

நீ அனுப்பிய கார் வந்துவிட்டது. போட்டோ கேட்டிருந்தாய், எடுக்கவில்லை. எடுக்க மனசு வரவில்லை. ஏன் என்று எழுதுகிறேன்.

அவ்வளவு பக்கம் எழுதினேன். நீ கார் பக்கங்களை மட்டும் படித்திருக்கிறாய். அக்கா சொன்னா சரிதான், கன்வெர்ட்டரே புக் பண்ணிட்டேன், இனிமே அப்பாவைச் சொகுசாக் கூட்டிட்டுப் போலாம் என்று குரல்பதிவு அனுப்பினாய். அதை மூன்று தடவை கேட்டேன், தீபாவளி என்ற சொல் எங்காவது வருகிறதா என்று. வரவில்லை.

கடைக்காரப் பையன்கள் பழைய வண்டியை ஓட்டிக்கொண்டு போய், புதியதை வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள். நல்ல கார்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரிய கதவு, அப்பாவை உட்கார வைப்பது சுலபம். சத்தமில்லாமல் நகர்கிறது. அப்பா ஜன்னல் வழியாக ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். யாருடையது என்று கேட்டார். தர்மா அனுப்பியிருக்கிறான் என்றேன். வெள்ளையாவே வாங்கியிருக்கான் என்றார். கொஞ்சம் கழித்து, அப்போ அவன் வரலையா என்று கேட்டார். வருவான்பா என்றேன்.

மறுநாள் அவராகவே, சரளா, அண்ணன் இருக்குற இடம் வரைக்கும் போலாமா என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? தானாக வெளியே போகக் கேட்டு எத்தனை நாளாயிற்று. செமோருக்குக் கூட்டிப் போனேன். தோட்டத்து மேட்டுக்கு வந்ததும், மெதுவாப் போ என்றார். போனேன். இன்னும் மெதுவா, அன்னைக்கு மேளத்துக்குப் பின்னாடி போன மாதிரி என்றார். அப்படியே போனேன். பத்தடிக்கு ஒரு தடவை நிற்கச் சொன்னார், நின்றேன். பிரேக்கை லேசாக விட்டால் அதுவே நகர்கிறது. நாற்றம் இல்லை, எந்த விளக்கும் எரியவில்லை. அப்பா ஜன்னலை இறக்கி மோந்து பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார்.

இடுகாட்டு ஓரம் வரை கார் போயிற்று. நாற்காலியில் இறக்கி வைத்தேன். குனிந்து அவராகவே ஒரு கை மண் எடுத்துப் பெரியப்பா மேல் போட்டார். கையைத் தட்டிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு காரில் ஏறினார். அதன் கூரையைத் தடவிப் பார்த்தார். தர்மா சொன்னதைச் செஞ்சிட்டான்லா என்றார். மண் போட்ட திருப்தியில் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். வரும் வழியில் அவருக்குப் பிடிக்கும் என்று கச்சான் கடலை வாங்கிக் கொடுத்தேன். நன்றாகச் சாப்பிட்டார். அன்றைக்கு நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் சட்டையை எடுத்துக்கொண்டு போனேன். இனிமே எதுக்கு, எல்லாம் வந்து சேந்திருச்சே என்றார். எனக்கு அப்போதுதான் விளங்கியது, தர்மா. என் நேரத்துக்கு மெதுவாகப் போகிற கார் பார் என்று என்னிடம் சொன்னதை நான் உனக்கு எழுதினேன். எழுதியிருப்பேன் என்று அவருக்குத் தெரியும். நீ வரவில்லை, கார் வந்தது. வெள்ளைக் கார். மெதுவாகப் போகிற கார். மகன் தன் கடமையை முடித்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டார். மேடு வரைக்கும் போய்ச் சோதித்தும் பார்த்துவிட்டார். நான்தான் ஓட்டினேன்.

இது உங்களை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வாங்கியதுப்பா என்று சொல்லிப் பார்த்தேன். அதுக்கு எதுக்குலா இவ்வளவு பெரிய காடி என்கிறார். கோபித்துப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். நீ அலுத்துப்போயிட்ட சரளா, எனக்குத் தெரியாதா என்று என் தலையைத் தடவுகிறார். வியாழனும் போகவில்லை. இன்று சனிக்கிழமை, இன்றும் போகவில்லை. கால் வீங்க ஆரம்பித்திருக்கிறது. இருக்கிற ஒரு காலைத்தான் சொல்கிறேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறார்.

நீ கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை. நல்ல எண்ணத்தோடு அனுப்பினாய், அது எனக்குத் தெரியும். ஏன் வர மாட்டேன் என்கிறாய் என்பதும் தெரியும். லீவு இல்லாமல் இல்லை. காலில்லாத அப்பாவைப் பார்க்க உனக்குப் பயம். லாரி படியில் ஒரே தாவலில் ஏறுகிற அப்பாவைத்தான் மனசில் வைத்திருக்கிறாய். முதல் தடவை கட்டுப் பிரித்தபோது நானும் திரும்பிக்கொண்டு நின்றவள்தான். இரண்டு நாளில் பழகிவிடும், தர்மா. அதற்குப் பிறகு முகம்தான் தெரியும்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன், தபாலுக்கு நேரமில்லை. கட்டைவிரல் அனுப்பாதே. வேறு எதையும் அனுப்பாதே. ஆள் வைக்கிறேன், நர்சை வீட்டுக்கு வரச் சொல்கிறேன் என்று ஏற்பாடு செய்யாதே. நீ ஏற்பாடு செய்யச் செய்ய அவர் தயாராகிக்கொண்டே போகிறார். இந்தக் கார் சாவுக்கு இல்லை என்று உன் வாயால் அவரிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்.

அந்தக் காரில் ஸ்போர்ட் என்று ஒரு பட்டன் இருக்கிறது. நான் இன்னும் தொடவில்லை. நீ வந்து, முதலில் அப்பாவைப் பத்து காஜாவுக்குக் கூட்டிப் போ. அவர் கொஞ்சம் தேறியதும் முன்சீட்டில் உட்கார வைத்து, மெனோரா வளைவுகளில் ஒரு தடவை அந்தப் பட்டனை அழுத்தி ஓட்டிக் காட்டு. இந்த வேகம் எதுக்குலா என்று திட்டுவார், திட்டட்டும். இது வேகமாகவும் போகும் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நல்லா இருக்க வேண்டும் என்றுதான் தினமும் விளக்கேற்றும்போது கும்பிடுகிறேன். இன்றைக்கும் கும்பிட்டேன். இதற்குப் பதில் எழுதாதே. வா.

அக்கா
சரளா